பூங்காவுக்கு என்ன விலை?

ஒரு கிலோ சர்க்கரை என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார். ஓர் அருவி என்ன விலை? அந்த அருவிக்குப் போகும் காட்டுப் பாதை என்ன விலை? கேள்வியே வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் இந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்ல முடியாததால், மூடப்படும் நிலைக்கு வந்த பூங்காக்கள் உண்டு. விடை காண்பதற்கு ஒரு வழி சொன்னவர் ஒரு புள்ளியியல் அறிஞர். அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் மிக எளியது. பூங்காவுக்குப் போய்வர நமக்கு ஆகும் வழிச்செலவுதான் அது!

வழிச்செலவைக் கொண்டு பூங்காவை அளப்பது எப்படி? மாணவ நண்பர்களே, வாருங்கள், ஒரு சிறிய பூங்காவுக்குப் போய்வந்தபடியே தெரிந்துகொள்வோம்.

ஒரு சிறிய பூங்கா

அமெரிக்காவில் நாட்டின் மைய அரசு பராமரிக்கும் தேசியப் பூங்காக்கள் தவிர, ஒவ்வொரு மாநிலமும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் மாநிலப் பூங்காக்களும் உண்டு. இண்டியானா மாநிலம் 1816-ம் ஆண்டு உருவாயிற்று. அதன் நூற்றாண்டு விழாவின் நினைவாக 1916-ல் அம்மாநிலத்தின் முதல் பூங்கா திறக்கப்பட்டது. மக்கார்மிக் ஓடைப் பூங்கா என்பது அதன் பெயர். பரப்பு ஏறத்தாழ 1,900 ஏக்கர். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவோ 22 லட்சம் ஏக்கர். அதனுடன் ஒப்பிட்டால் இது ஒரு புள்ளி.

சிறியதானாலும் பார்ப்பதற்கு அங்கே நிறைய உண்டு. அந்தப் பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் பூமி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு நெடுங்காலம் நடந்ததன் விளைவாக ஆழ்ந்த பாறைப் பள்ளத்தாக்கும், சிறு அருவிகளும், நிலம் உள்வாங்கிய குழிகளும், நுழைந்து செல்லக்கூடிய குகையும் அங்கே உண்டாகியிருக்கின்றன.

இண்டியானாவின் பூங்காக்களுக்கு அடித்தளம் இட்டவர் ரிச்சர்டு லீபர் என்பவர். இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை என்பது அவர் கருத்து. ஆகவே வாயிலில் நபருக்கு 10 சென்ட் கட்டணம் வசூலிக்கச் செய்தார். அப்படியானால் அந்தப் பூங்காவின் விலை 10 சென்ட்தானா?

வாயிலில் கொடுப்பதும் வழியில் கொடுப்பதும்

நீங்கள் மாநிலத் தலைநகரான இண்டியனாபொலிசில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். பூங்கா அங்கிருந்து 50 மைலுக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. போய்வர 110 மைல் என்று கொள்வோம். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பயணத்தின் செலவு என்ன? காரின் விலை, காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றை இதில் சேர்க்கலாமா? கூடாது. நீங்கள் பூங்காவுக்குப் போனாலும் வீட்டில் இருந்தாலும் அந்தச் செலவு மாறுவதில்லை. இவை நிலையான செலவுகள். பயணம் போவதால் மட்டும் ஏற்படும் செலவு எதுவோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்ரோல், டயர்த் தேய்மானம் போன்றவை அவ்வகை. இவை மாறும் செலவுகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காரில் ஒருவர் சென்றாலும் நால்வர் சென்றாலும் பெட்ரோல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோலுக்கு 20 டாலர் ஆனால், தனியாகச் செல்பவருக்கு 20 டாலர். நால்வராகச் சென்றால் தலைக்கு 5 டாலர். பூங்கா அதே பூங்கா, தொலைவு அதே தொலைவு. ஆனால் போய்வரும் விலை நாலில் ஒன்றாகிவிட்டது.

வாயிலில் கொடுப்பது சிறு தொகை. வழியில் கொடுப்பதே பெருந்தொகை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பயணம், நான்கு காலங்கள்

அந்த 110 மைல் பயணத்தையே வெவ்வேறு காலங்களில் போய்ப் பார்ப்போம். காரின் திறனுக்கு அந்தந்தக் காலத்தின் சராசரியை ஒட்டிய முழு எண்களை எடுத்துக்கொள்வோம்.

1972-ல் ஒரு காலன் பெட்ரோல் ஏறத்தாழ 36 சென்ட். அன்றைய கார் ஒரு காலனுக்கு 13 மைல்தான் ஓடும். எனவே 8.5 காலன் தேவை. செலவு சுமார் 3 டாலர்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. 1979-ல் ஈரானியப் புரட்சியை ஒட்டி மீண்டும் தட்டுப்பாடு வந்தது. 1981-ல் பெட்ரோல் விலை காலனுக்கு 1 டாலர் 30 சென்டைத் தாண்டிவிட்டது. அப்போது கார் 16 மைல் ஓடுவதாகக் கொண்டால், செலவு சுமார் 9 டாலர்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் உலகமே வீட்டில் முடங்கியிருந்தபோது, விலை 2 டாலருக்கும் கீழே இறங்கியது. இப்போதைய கார் 25 மைல் ஓடும் என்று கொண்டால், செலவு சுமார் 8 டாலர்.

2022 ஜூன் மாதத்தில் நாட்டின் சராசரி விலை முதன்முறையாக 5 டாலரைத் தொட்டது. அதே காருக்குச் செலவு 22 டாலர்.

ஐம்பது ஆண்டுகளில் 3 டாலர் 22 டாலராகிவிட்டது. ஏழு மடங்கு! பயணம் ஏழு மடங்கு கடினமாகிவிட்டதா? அவசரப்படாதீர்கள். அந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் எல்லாப் பொருள்களின் பொதுவான விலையும் ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்ந்திருக்கிறது. அதாவது 1972-ன் 3 டாலரும் 2022-ன் 21 அல்லது 22 டாலரும் வாங்கும் சக்தியில் ஏறக்குறைய சமம். உண்மையில் பயணச் செலவு மாறவே இல்லை! காலனுக்கான விலை 14 மடங்கு ஏறியது. கார் ஏறக்குறைய இரு மடங்கு திறன் பெற்றதால் அதில் பாதி ஈடாயிற்று.

1981-ன் 9 டாலரை 2022-ன் மதிப்புக்கு மாற்றினால் 30 டாலரை ஒட்டி வரும். இந்த நான்கு பயணங்களில் உண்மையில் செலவு மிகுந்தது அதுதான். நோட்டில் எழுதியிருக்கும் எண் வேறு, அது வாங்கித்தரும் பொருள் வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

செலவைக் குறைக்க அந்நாட்டில் எடுத்த நடவடிக்கை ஒன்றில் இயற்பியல் பாடமும் அடங்கியிருக்கிறது. 1974 ஜனவரியில் எந்தச் சாலையிலும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். அது 1995-ல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. ஏன் இந்தச் சட்டம்? வேகமாகச் செல்லும் வண்டியை எதிர்க்கும் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. 55-லிருந்து 75 மைலுக்கு வேகத்தைக் கூட்டினால் காற்றுத் தடை ஏறக்குறைய 1.9 மடங்காகும். 75-ஐ 55-ஆல் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்திச் சரிபாருங்கள்.

ஹோட்டலிங் எழுதிய கடிதம்

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். 1947-ல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, பூங்காக்களால் மக்களுக்குக் கிடைக்கும் நன்மையைப் பணக்கணக்கில் அளக்க முடியுமா என்று பொருளியல் அறிஞர்களைக் கடிதம் மூலம் கேட்டது. புள்ளியியலிலும் பொருளியலிலும் புகழ் பெற்றிருந்த ஹாரல்டு ஹோட்டலிங் பதில் எழுதினார். அவர் சொன்ன யோசனையின் சாரம் இதுதான்:

பூங்காவை மையமாக வைத்து ஒன்றைச் சுற்றி ஒன்றாக வட்டங்கள் வரையுங்கள். இரண்டு வட்டங்களுக்கு இடையே வசிப்பவர் அனைவருக்கும் பயணச் செலவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். தொலைவிலிருந்து செலவழித்து வருபவர், பூங்கா தமக்கு அந்தச் செலவுக்கு ஈடானது என்று காட்டிவிடுகிறார். பக்கத்தில் இருப்பவரும் அதே விருப்பம் உள்ளவர்தான். ஆனால் அவருக்குச் செலவு குறைவு. கொடுக்கத் தயாராக இருந்த தொகைக்கும் உண்மையில் கொடுத்த தொகைக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு லாபம். பொருளியலில் இதற்கு நுகர்வோர் எச்சம் என்று பெயர். எல்லோருடைய எச்சத்தையும் கூட்டினால் பூங்கா ஓர் ஆண்டில் தரும் நன்மை கிடைத்துவிடும்.

இந்த யோசனை சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1959-ல் மேரியன் கிளாசன் என்ற பொருளியல் அறிஞர் யோசெமிட்டி, கிராண்ட் கான்யன் முதலிய தேசியப் பூங்காக்களுக்கு வந்தவர்களின் கணக்கை வைத்து இம்முறையைச் செயல்படுத்திக் காட்டினார். அதன் பிறகு இது பயணச் செலவு முறை என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் வசதிக்காக ஒரு கற்பனைப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதைச் சுற்றி மூன்று வளையங்கள்.

உள் வளையம்: மக்கள் தொகை 10,000. தலைக்குப் பயணச் செலவு 2 டாலர். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 400 வருகைகள். மொத்தம் 4,000.

நடு வளையம்: மக்கள் தொகை 20,000. செலவு 4 டாலர். ஆயிரத்துக்கு 300. மொத்தம் 6,000.

வெளி வளையம்: மக்கள் தொகை 50,000. செலவு 8 டாலர். ஆயிரத்துக்கு 100. மொத்தம் 5,000.

ஆக, ஓர் ஆண்டில் 15,000 வருகைகள். செலவு ஒரு டாலர் கூடும்போதெல்லாம் ஆயிரத்துக்கு 50 வருகைகள் குறைவதைப் பாருங்கள். எனவே செலவு 10 டாலரை எட்டினால் யாரும் வரமாட்டார்கள்.

இப்போது வாயிலில் 2 டாலர் கட்டணம் வைப்பதாகக் கற்பனை செய்வோம். உள் வளையத்தாரின் மொத்தச் செலவு 4 டாலராகும். அவர்கள் இனி நடு வளையத்தாரைப் போல் நடந்துகொள்வார்கள். வருகை 3,000. நடு வளையத்தாருக்கு 6 டாலர், வருகை 4,000. வெளி வளையத்தாருக்கு 10 டாலர், எவரும் வரார். மொத்தம் 7,000. இவ்வாறே 4 டாலர் கட்டணத்துக்கு 4,000, 6 டாலருக்கு 1,000, 8 டாலருக்கு சைபர் என்று வரும்.

கட்டணத்தை நிலைக்கோட்டிலும், வருகையைக் கிடைக்கோட்டிலும் வைத்து வரைபடத் தாளில் இந்தப் புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். கிடைப்பது தேவைக்கோடு. அதன் கீழே உள்ள பரப்புதான் நுகர்வோர் எச்சம். நான்கு துண்டுகளாகப் பிரித்துப் பரப்புக் கண்டால் 22,000, 11,000, 5,000, 1,000 என்று வரும். கூட்டினால் 39,000 டாலர்.

இந்தப் பூங்காவைப் பராமரிக்க ஆண்டுக்கு 30,000 டாலர் ஆவதாகக் கொள்வோம். வாயில் கட்டணம் இல்லாததால் கணக்குப் புத்தகத்தில் 30,000 டாலர் நட்டம் என்றுதான் எழுதப்படும். கட்டணம் வைத்தால்? 2 டாலருக்கு 14,000 டாலர் வசூல். 4 டாலருக்கு 16,000. 6 டாலருக்கு 6,000. எந்தக் கட்டணத்தை வைத்தாலும் வசூல் 17,000 டாலரை எட்டாது! பூங்காவை ஒரு கடையாக நினைத்தால் மூட வேண்டியதுதான். ஆனால் மக்களுக்கு அது தரும் நன்மையோ 39,000 டாலர். வாயிலில் வசூலாகாத நன்மை இல்லாத நன்மை அல்ல. இந்தக் கட்டுரையின் உயிர்நிலை இதுதான்.

பெட்ரோல் விலை ஏறினால்?

அதே கற்பனைப் பூங்காவுக்குப் பயணச் செலவு ஒன்றரை மடங்காகட்டும். மூன்று வளையங்களின் செலவும் 3, 6, 12 டாலர் ஆகும். வருகை 3,500, 4,000, சைபர், மொத்தம் 7,500. எச்சத்தை மீண்டும் கணக்கிட்டால் 20,250 டாலர்தான். பூங்காவில் ஓர் இலைகூட உதிரவில்லை, அருவி வற்றவில்லை. ஆனாலும் அதன் நன்மை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. போகும் சாலையும் பூங்காவின் ஓர் அங்கம் என்பது இதனால் விளங்குகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மக்கார்மிக் ஓடையைப் போல நகருக்கு அருகிலுள்ள சிறு பூங்காக்களை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் விலை ஏறும்போது, ஆயிரம் மைல் தொலைவிலுள்ள யெல்லோஸ்டோனுக்குப் போக எண்ணியிருந்த குடும்பம் பக்கத்துப் பூங்காவோடு திருப்தி அடையலாம். அத்தகைய காலத்தில் சிறு பூங்காவின் மதிப்பு உயரவும் கூடும். சிறியது என்பதால் அற்பம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எழுபது பூங்காக்கள்

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2011 மே மாதத்தில் கலிபோர்னியா மாநிலம், பணப் பற்றாக்குறையால் தன் 278 பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாக அறிவித்தது. அந்த எழுபதையும் மூடினாலும் வருவோரில் 92 விழுக்காடும் வருவாயில் 94 விழுக்காடும் குறையாமல் இருக்கும் என்று அத்துறை கூறியது. அதாவது, பூங்காக்களில் நாலில் ஒரு பங்கு இருந்தும், அவற்றுக்கு வந்தவர்கள் 8 விழுக்காடு. அவற்றால் வந்த வருவாய் 6 விழுக்காடு. பெரும்பாலும் கூட்டம் குறைந்த இடங்களே பட்டியலில் இருந்தன.

சுற்று வட்டார மக்களும், தொண்டு அமைப்புகளும், நன்கொடையாளர்களும் முன்வந்து பொறுப்பேற்றதால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மூடப்படாமல் தப்பின. அந்த மக்கள் வரைபடத் தாளில் பரப்புக் கணக்கிட்டவர்கள் அல்லர். ஆனால் வாயில் வசூல் சொல்லாத ஒரு மதிப்பு அங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அளவுகோலின் குறைகள்

எந்த அளவுகோலையும் பயன்படுத்துமுன் அதன் குறையை அறிந்திருப்பது விஞ்ஞானத்தின் பண்பு. இம்முறைக்கும் குறைகள் உண்டு.

முதலாவது, நேரம். இரண்டு மணி நேரப் பயணத்தின் விலை என்ன? மணிக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வது ஒரு வழக்கம். ஆனால் இது தோராயமே. இரண்டாவது, ஒரே பயணத்தில் உறவினர் வீட்டையும் பூங்காவையும் பார்த்து வருபவரின் செலவை எப்படிப் பிரிப்பது? மூன்றாவது, ஒருபோதும் அங்கே போகாதவரும் அந்த இடம் அழியாமல் இருக்கவேண்டும் என்று விரும்பலாம். ஜான் குருட்டில்லா என்ற அறிஞர் 1967-ல் இதை வலியுறுத்தினார். பயணச் செலவுக் கணக்கில் இந்த விருப்பம் இடம்பெறாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு. காரும் பணமும் இல்லாதவர் பூங்காவுக்கு வருவதில்லை. வராததால் அவர் எண்ணிக்கையில் சேர்வதில்லை. அவருக்கு ஆசை இல்லை என்றா பொருள்? இல்லை. அவரிடம் பேருந்துக் கட்டணம் இல்லை என்றும் பொருளாகலாம். கொடுக்க மனம் இருப்பதையும், கொடுக்கக் காசு இருப்பதையும் இந்த அளவுகோல் பிரித்துக் காட்டாது. எனவே 39,000 என்ற எண்ணை பூங்காவின் முழு மதிப்பு என்று எண்ணாதீர்கள். "குறைந்தது இவ்வளவு" என்று சொல்லும் சாட்சியாக மட்டும் அதைக் கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் மக்கள் போய்வரும் அணை, ஏரி, பூங்கா ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியரின் துணையோடு ஒரு விடுமுறை நாளில் அங்கே சென்று, வருவோரில் ஐம்பது பேரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? தலைக்கு வழிச்செலவு எவ்வளவு? ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறீர்கள்? நோட்டில் குறித்துக்கொண்டு, தேசப்படத்தில் அந்த இடத்தை மையமாக வைத்து வட்டங்கள் வரையுங்கள். அந்தந்த வளையத்து ஊர்களின் மக்கள் தொகையைக் கண்டறிந்து, ஆயிரம் பேருக்கு எத்தனை வருகை என்று வகுத்துப் பாருங்கள். தொலைவு கூடக் கூட வருகை குறைகிறதா? குறையாத ஊர் ஏதேனும் இருந்தால், ஏன் என்று விசாரியுங்கள். அங்கிருந்து நேர்ப் பேருந்து இருக்கலாம். அல்லது வேறு காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடத்தின் சுவையான பகுதி.

அடுத்த முறை எங்கேனும் சென்று திரும்பும்போது, நுழைவுச் சீட்டை மட்டும் அல்ல, பேருந்துச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்த இடம் உங்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பதற்கு அதுவும் ஒரு ரசீது.